மறவாத சரீரம்

செய்த வினை எச்சமின்றித் தீருமா என்ற கேள்வி, புற்றுநோய் ஆஸ்பத்திரியின் கதிர்வீச்சு அறையில், முன்னொரு காலத்தில் ‘கரண்ட் வைத்து’ வீடு திரும்பியவர் அதே இடத்தில் நோய் தலைதூக்கவே மறுபடி வந்து மேஜையில் படுக்கும்போது, தர்க்கமாக இல்லாமல் பிரத்தியட்சமாகவே எழுகிறது. தண்டுவடம், நாளொன்றுக்கு 2 கிரே (கதிர் அளவின் அலகு) வீதம் ஏறக்குறைய 50 கிரேயோடு எச்சரிக்கை எல்லையை எட்டிவிடும். ஆயினும், 44 கிரே பெற்ற ரீசஸ் குரங்குகளின் தண்டுவடம் ஓராண்டுக்குள் அந்தப் பாதிப்பில் பெரும்பகுதியிலிருந்து தேறிக்கொண்டதென்று 2001-இல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. சிறுநீரகமோ அப்படித் தேறுவதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் சேதம் முதிரவே செய்கிறது. வினை கழியும் என்பாருக்கும் கழியாது என்பாருக்கும் சரீரம் ஒருங்கே சாட்சி சொல்கிறது. (நோயே பூர்வஜன்ம பாபத்தின் பலன் என்று சொல்ல வருகிறவரோடு எனக்குப் பேச்சில்லை.)

எவ்வளவு கொடுப்பதென்று தீர்மானிப்பவர் வைத்தியர். பழைய அளவையும் புதிய அளவையும் கூட்டிப் பார்ப்பவர் பௌதிக நிபுணர். அந்தத் தீர்மானம் கர்மமாவது, நாம் டெக்னீஷியன் என்று சாதாரணமாக அழைத்துவிடும் சிகிச்சையாளரின் கையில்தான். நோயாளியின் மார்பில் முதல் முறை குத்திய பச்சைப் புள்ளி மங்கி நிற்கிறது. இரண்டு விரற்கடை தள்ளிப் புதிய புள்ளி. லேசர் கோட்டைப் பழையதில் பொருத்தினால், ஏற்கெனவே தன் பங்கை வாங்கிவிட்ட திசுவின்மேல் கதிர் சரியும். தேகம் மெலிந்திருக்கிறது, முதற் கதிரால் இறுகிய தோல் பழைய வாக்கில் வளைய மறுக்கிறது. ஆகவே சிகிச்சையாளர் மேஜையிலேயே ஸ்கேன் எடுத்துத் திட்டப் படத்தோடு ஒப்பிட்டு, சில மில்லிமீட்டர் பிசகினாலும் பொத்தானைத் தொடாமல் வைத்தியரைக் கூப்பிடுகிறார்.

பலனில் பற்று வையாதே என்னும் கீதையின் உபதேசத்தை இங்கே எப்படிக் கொள்வது? குணமாவது அவர் வசத்தில் இல்லை. மறுகதிர் பெறுவோருள் பலருக்கு வலி தணிவதே எதிர்பார்க்கத்தக்கது. அந்தப் பலனில் அவர் பற்றற்றிருக்கலாம். தங்கப்போகும் எச்சத்தில் பற்றற்றிருக்க அவருக்கு அதிகாரமில்லை என்பது என் துணிபு. “போன தடவை கரண்ட் எந்த ஊரில வச்சாங்க, பேப்பர் இருக்காம்மா?” என்று, சிகிச்சையைத் திட்டமிடும் சிமுலேஷன் நாளில் அவர் கேட்கையில், வைத்தியரிடம் சொல்ல விட்டுப்போனதுகூடச் சிலசமயம் வெளிவரும். மடிப்பில் கிழிந்த அந்தக் காகிதத்தில் கிரே கணக்கு இல்லையென்றால், பழைய ஆஸ்பத்திரியிலிருந்து அது வந்து சேரும்வரை அவர் காத்திருக்கச் சொல்வார். வரிசையில் இருப்பவர்கள் முணுமுணுக்கத்தான் செய்வார்கள்.