எடையும் அறமும்

பருத்த உடலைக் கண்டதும் "வாயைக் கட்டத் தெரியாதவர்" என்று தீர்ப்புரைக்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. மெலிந்த உடல் ஒழுக்கத்தின் சான்றாகவும், பருத்த உடல் ஒழுக்கக் குறைவின் சான்றாகவும் கொள்ளப்படுகின்றன. இத்தீர்ப்பு நியாயமானதுதானா? உடலின் எடைக்குப் பொறுப்பாளி தனிமனிதனா, அவன் வாழும் சமுதாயமா?

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வரலாற்றையே சாட்சிக்கு அழைப்போம். நீரிறைக்கும் இயந்திரம் வருமுன், செம்மண் தோட்டங்களில் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் நீர் பாய்ச்சத் துலா மிதித்தனர். துலாவின்மீது முன்னும் பின்னும் மணிக்கணக்காக நடந்தவனுக்கு உடற்பயிற்சி என்ற சொல்லே தேவைப்படவில்லை. நாளும் பல பனைகளில் ஏறி இறங்கிய தொழிலாளிக்கும், கரைவலை இழுத்த கடற்றொழிலாளிக்கும் அவ்வாறே. அவர்களுடைய மெலிவு உழைப்பாலும் வறுமையாலும் வந்தது. புலனடக்கத்துக்கு அதில் பங்கில்லை. அவ்வுழைப்பின் பயனை உண்டு அமர்ந்திருந்தவரின் தொந்தியோ அக்காலத்தில் செல்வாக்கின் அடையாளமாய் விளங்கிற்று. இன்று மெலிவு அவ்விடத்தைப் பெற்றுள்ளது. வசதியுள்ளோரின் தோற்றம் எதுவோ அதனையே ஒவ்வொரு காலமும் அறமென்று பெயரிடுகிறது.

1990இல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்கு எரிபொருள் தடைசெய்யப்பட்டது. ஆசிரியரும் எழுதுவினைஞரும் சைக்கிள் மிதித்தனர். அதனை ஒழுக்க மறுமலர்ச்சி என்று எவரேனும் கூறுவரா? 2009இல் போர் முடிந்தபின் மோட்டார்ச் சைக்கிள்கள் பெருகின. அதனை ஒழுக்கச் சீரழிவு என்பதும் அதே அளவு பேதைமையன்றோ?

உணவின் கதையும் இத்தகையதே. குரக்கனும் சாமையும் ஒடியல் மாவும் பின்தள்ளப்பட, இறக்குமதித் தானியமான கோதுமை முன்னுக்கு வந்தது. 1980இல் திருகோணமலையில் பிறீமா மாவாலை இயங்கத் தொடங்கியது. பனங்கட்டித் துண்டைக் கடித்தபடி வெறுந்தேநீர் அருந்திய மாலைப்பொழுதை இன்று றோல்சும் பணிசும் இனிப்புப் பானமும் பிடித்துக்கொண்டன. விற்பவருக்கு நம் பசி ஒரு சந்தை.

அப்படியாயின் தனிமனிதனுக்குப் பொறுப்பே இல்லையா? உண்டு. சூழ்நிலை மனிதனை ஆக்குகிறது. மனிதன் சூழ்நிலையை மாற்றவும் செய்கிறான். செலவிடும் சக்தியைவிட உண்ணும் சக்தி மிகுந்தால் உடல் அதனைக் கொழுப்பாகச் சேமிக்கும் என்ற இயற்கை விதி எவருக்கும் விலக்களிப்பதில்லை. தேநீரில் சீனியைக் குறைப்பதும், சோற்றைக் குறைத்துக் கீரையும் பருப்பும் மீனும் கூட்டுவதும், இடைத்தீனிக்கு அவித்த கடலை கொள்வதும் பலருக்கு இயலும். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலியக்கம் வேண்டுமென 2020இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது.

ஆனால் அந்த 150 நிமிடம் யாரிடம் இருக்கிறது? எல்லோருக்கும் பின் உண்டு, எஞ்சிய சோற்றை வீணாக்க மனமின்றித் தானே உண்டு முடிக்கும் பெண், மாலையில் தனியே வீதியில் நடந்தால் ஊர் என்ன சொல்கிறது? விடியலில் ஒரு வகுப்பு, பின் பாடசாலை, இரவுவரை ரியூசன் என வாங்கோடு பிணைக்கப்பட்ட மாணவன் எப்போது விளையாடுவான்? உடற்பயிற்சியின் நன்மைகளை எழுதிப் புள்ளி பெறும் பிள்ளைக்கு ஓடுவதற்கு நேரமளியாத கல்வி எத்தகைய கல்வி? 2022இன் நெருக்கடியில் மீனும் முட்டையும் பாலும் விலையேறியபோது, மாவாலும் சோற்றாலும் வயிற்றை நிரப்பிய ஏழை வீட்டுக்கு உணவுத் திட்டம் வகுத்துரைப்பது பரிகாசமாகும்.

இனிப்புப் பானங்களில் சீனியின் அளவை நிறக்குறியாற் காட்டவேண்டுமென 2016இல் இலங்கை அரசு விதித்தது. 2017இல் அச்சீனிக்கு வரியும் விதித்தது. பிழை முழுவதும் குடிப்பவனுடையதன்று என்பதை அரசே ஏற்றுக்கொண்டமைக்கு இவை சான்று.

ஆகவே தன்னடக்கம் வேண்டும். அதனைப் பிறர்மீது எறியும் கல்லாக்குதல் ஆகாது. பெண் அச்சமின்றி நடக்கும் வீதியும், ஊர்தோறும் விளையாட்டிடமும், உழைப்பவன் வாங்கக்கூடிய விலையில் நல்லுணவும் நாம் கூடிக் கேட்கவேண்டிய உரிமைகள். ஞாயிற்றுக்கிழமை வகுப்புகளை நிறுத்திப் பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்புவது, ஆசிரியர் சமூகத்தின் கையிலேயே உள்ள முதற்படி.