செம்புக் காசும் வெள்ளிக் காசும்



சென்ற தபசு காலத்தில் ஒருநாள் காலைப் பூசை முடிந்து அறைவீட்டுக்குத் திரும்பியபோது, ஒரு குடும்பத் தலைவர் வராந்தாவில் காத்திருந்தார். கையில் ஒரு சுருக்குப் பை. "சாமி, ஒரு காரியம் செய்துவிட்டேன். இது பாவமா இல்லையா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றார். அவர் இதைக் கேட்டது பாவசங்கீர்த்தனத்தில் அல்ல, வராந்தாவில்தான். அவரும் அவர் வீட்டாரும், மற்றவர்களுக்கும் பிரயோசனப்படட்டும் என்று சொன்னதினாலேயே இங்கே எழுதுகிறேன். பெயரையும் தெருவையும் யாரும் விசாரிக்க வேண்டாம்.

அவருடைய தகப்பனார் இராஜபாளையத்தில் ஒரு பஞ்சாலையில் வேலை பார்த்தவர். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. பழங்காசு சேர்ப்பது ஒன்றே அவருக்கு ஆசை. ஆடிப்பூரத் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலும், புரட்டாசிச் சனிக்கிழமைகளில் நம் பக்கத்துத் திருவண்ணாமலை அடிவாரத்திலும் கடைகள் கூடும்போது, சாக்கை விரித்துப் பழைய சாமான் விற்பவர்கள் முன்னால் குந்தியிருந்து பொறுக்குவார். முப்பது வருஷத்தில் ஒரு டிரங்குப் பெட்டி நிறைந்தது. உயில் எழுதாமலே அவர் காலஞ்சென்றார். மனைவி, ஒரு மகன், கட்டிக்கொடுத்த இரண்டு பெண்மக்கள்: இவர்களே வாரிசுகள்.

பெட்டியில் ராணி தலையும் ராஜா தலையும் போட்ட வெள்ளி ரூபாய்கள் இருந்தன. திருவிதாங்கூர்ச் சக்கரங்கள் இருந்தன. 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய் என்பது நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கலாம். இவை தவிர, ஒரு சுருக்குப் பையில் புளியங்கொட்டை போலக் கறுத்த செம்புக் காசுகள். அவற்றில் என்ன எழுதியிருக்கிறது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

தாயாரின் மூட்டு வைத்தியத்துக்கும், இளைய மகளின் வீட்டுக் கடனுக்கும் பணம் வேண்டியிருந்தது. பெட்டியை விற்றுவிடுவோம் என்று எல்லோரும் சம்மதித்தார்கள். மகன் மட்டும் ஒருநாள் அந்தச் சுருக்குப் பையை எடுத்துக்கொண்டு மதுரைக்குப் போய், காசு பார்க்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டினார். அதில் ஒரு செம்புக் காசு மிக அபூர்வமானது என்றும், பெட்டியிலுள்ள வெள்ளி முழுவதையும்விட அது ஒன்றே அதிக விலை போகும் என்றும் அவர் சொன்னார்.

மகன் வீடு திரும்பினார். ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை. பங்கு பிரிக்கும் நாளில், "வெள்ளியை நீங்கள் இரண்டு பேரும் எடுத்துக்கொள்ளுங்கள். ஐயா ஞாபகமாக இந்தச் செம்பு எனக்குப் போதும்" என்றார். தாயார், "எனக்கு எதற்கு? பிள்ளைகள் எடுத்துக்கொள்ளட்டும்" என்றுவிட்டார். தங்கைகள் இருவரும் கண் கலங்கி, "எங்கள் அண்ணனைப் போல் யாருக்குக் கிடைக்கும்?" என்றார்களாம்.

"அந்த வார்த்தைதான் சாமி, என்னைத் தூங்கவிடவில்லை" என்றார் அவர்.

ஆனாலும் தம் பக்கத்து நியாயங்களை அவர் என்னிடம் அடுக்கத் தவறவில்லை. முதலாவது, நான் பொய் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது, பஸ் செலவு செய்து அலைந்து விலையை அறிந்தவன் நான், அறிவு என்னுடையது. மூன்றாவது, தங்கைகளுக்கு நகையும் சீரும் அப்போதே செய்தாயிற்று. பிரியமானவர்களே, இந்த மூன்று நியாயங்களும் அவருக்கு மட்டும் சொந்தமல்ல. நிலம் விற்கிறவர்களும், மாடு பிடிக்கிறவர்களும், பாகம் பிரிக்கிறவர்களும் தினமும் சொல்லிக்கொள்பவை இவை. ஆகையால் ஒவ்வொன்றாய்ப் பார்ப்போம்.

பொய் சொல்லவில்லை என்பது மெய். ஆனால் ஏழாம் கற்பனையை மீறுவதற்குப் பொய்தான் சொல்ல வேண்டும் என்பதில்லை. 13ம் நூற்றாண்டில் அர்ச். தோமாஸ் அக்வீனாஸ் தமது பெரிய வேதசாஸ்திர நூலில், வாங்குவதிலும் விற்பதிலும் நேரும் வஞ்சகத்தைப்பற்றித் தனியாகவே ஆராய்ந்திருக்கிறார். அங்கே அவர் எடுத்துக்கொள்ளும் உதாரணம் நம் காரியத்துக்கென்றே எழுதியதுபோல் இருக்கிறது. விற்கிறவன் தன் கையிலிருக்கும் பொன்னைப் பித்தளை என்று எண்ணி விற்கிறான். வாங்குகிறவனுக்கோ அது பொன் என்று தெரியும். தெரிந்தும் பேசாமல் பித்தளை விலைக்கு வாங்கினால் அது அநீதி, அவன் ஈடு செய்யக் கடமைப்பட்டவன் என்பது அவர் தீர்ப்பு. இங்கே பொன்னுக்குப் பதில் செம்பு, அவ்வளவுதான் வித்தியாசம். அர்ச். அகுஸ்தீனும் தமக்குத் தெரிந்த ஒரு மனிதரைப்பற்றிச் சொல்லியிருக்கிறார். ஒருவன் மதிப்பு அறியாமல் ஒரு புஸ்தகத்தைச் சொற்ப விலைக்கு விற்க வந்தானாம். வாங்கியவரோ அவன் எதிர்பாராதபடி அதன் சரியான விலையைக் கொடுத்தாராம். விற்றவன் அந்நியன், அவனிடமே அப்படி நடக்க வேண்டுமானால், ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்களிடம் எப்படி நடக்க வேண்டும்?

தாயார் "எனக்கு வேண்டாம்" என்று சொன்னதும் இவரைக் காப்பாற்றாது. எதைக் கொடுக்கிறோம் என்று அறிந்து கொடுப்பதே தானம். அந்த அம்மாள் விட்டுக்கொடுத்தது நாலு கறுத்த செம்பை. அவ்வளவு மதிப்புள்ள பொருளை அல்ல.

இரண்டாவது நியாயத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதை மறுக்கக் கூடாது. அறிவுக்கும் அலைச்சலுக்கும் கூலி உண்டு. 1984ல் தினமலர் ஆசிரியர் இரா. கிருஷ்ணமூர்த்தி, மதுரையில் ஒரு வியாபாரியிடம் வாங்கிய செம்புக் காசுகளை ஆராய்கையில், ஒன்றில் பழந்தமிழ் எழுத்தில் "பெருவழுதி" என்ற பாண்டியன் பெயர் இருக்கக் கண்டார். ஒரு புறம் குதிரை, மறுபுறம் கோடுகளாய் வரைந்த மீன். சங்க காலத்தில் தமிழரசர்கள் தங்கள் பெயரைப் பொறித்துக் காசு அடித்தார்கள் என்பதற்கு அது சாட்சியாயிற்று. அந்த வியாபாரியை அவர் ஏமாற்றினார் என்று யாராவது சொல்வார்களா? சொல்ல முடியாது. விற்றவர் காசு வியாபாரி. விலை சொன்னவர் அவர். அந்தக் காசின் மேன்மையோ படிப்பினால் பிறகு வெளிப்பட்டது. நம் நண்பர் விஷயம் அப்படியல்ல. மதுரைக்காரர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு வந்ததுதான் இவருடைய அறிவு. அந்தப் பையும் இவருடையதல்ல, நாலு பேருடையது. பொதுச் சொத்தைக் கொண்டுபோய்க் காட்டி அறிந்த விலை நாலு பேருக்கும் பொது. பஸ் செலவையும் ஒருநாள் கூலியையும் மொத்தத்தில் கழித்துக்கொள்ளலாம். அதை வெளிப்படையாய்ச் சொல்லிக் கழிக்க வேண்டும்.

மூன்றாவது நியாயம் சீர்வரிசை. நம் குடும்பங்களில் அதிகமாய் அநீதி நடக்கிற இடம் இது. கிறிஸ்தவர்களாகிய நமக்குரிய 1925ம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் இறந்தவரின் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு விதவைக்கு. மீதி இரண்டு பங்கும் பிள்ளைகளுக்குச் சமமாக. ஆண் என்றும் பெண் என்றும் அச்சட்டம் பிரிக்கவில்லை. அதுமட்டுமல்ல: தகப்பன் உயிரோடிருக்கையில் ஒரு பிள்ளையின் வாழ்வுக்கென்று கொடுத்ததை அந்தப் பிள்ளையின் பங்கில் கழிக்கக் கூடாது என்றும் அது சொல்லுகிறது. பழைய திருவிதாங்கூரில் 1916ம் வருஷச் சட்டம் பெண்ணுக்கு ஆண் பங்கில் கால்பாகம், அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அதை மட்டும் கொடுத்தது. 1986ல் மேரி ராய் அம்மையார் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு, அந்தச் சட்டம் இனிச் செல்லாது, 1925ம் வருஷச் சட்டமே செல்லும் என்று தீர்ப்பளித்தது. ராஜ்யத்தின் சட்டம் இவ்வளவு நியாயம் செய்யும்போது, நன்மை வாங்குகிற நாம் அதிலும் குறைவாய் நடப்பது அழகா?

இனி, எங்கே விற்பது, எப்படி விற்பது என்ற கேள்வி. இதுவும் மனச்சாட்சியைச் சேர்ந்ததே. ஆனபடியால் சிலவற்றைச் சொல்லி வைக்கிறேன்.

முதலில், காசைப் புளியும் சாம்பலும் போட்டு விளக்காதீர்கள். பித்தளைச் செம்பு பளபளத்தால் அழகு. பழங்காசு பளபளத்தால் மதிப்புப் போயிற்று. பிறகு, எல்லோரும் கூடியிருக்கையில் ஒவ்வொரு காசையும் நிறுத்து, படம் பிடித்து, ஜாபிதா எழுதி, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். சண்டைகளில் பாதி அங்கேயே அற்றுப்போகும்.

வெள்ளியை எடைக்குப் போடுமுன் வருஷத்தைப் பாருங்கள். பழைய வெள்ளி ரூபாய் 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. 1940 முதல் 1945 வரையில் அடித்ததில் பாதிதான் வெள்ளி. 1947ல் வந்தது வெறும் நிக்கல். ராஜா தலை ஒன்றாயிருப்பதால் எல்லாம் ஒரே விலை என்று பங்கு பிரித்தால், வெள்ளிக் குவியலுக்குள்ளேயே ஒரு தங்கை மோசம் போவாள்.

விலை கேட்பதானால் ஒருவரிடம் மட்டும் கேளாதீர்கள். வாங்கப் போகிறவரே விலையும் மதிக்கும்போது, அவர் நல்லவராயிருந்தாலும் அவருக்கு அது சோதனை. வாங்கும் எண்ணமில்லாத ஒருவரிடம், அதாவது நாணயச் சங்கத்தாரிடமோ, அருங்காட்சியகத்தில் காசு ஆராய்கிறவர்களிடமோ முதலில் காட்டுங்கள். பிறகு வியாபாரிகள் இரண்டு மூன்று பேரிடம் கேளுங்கள். பம்பாய், பெங்களூர் முதலிய நகரங்களில் பழங்காசுகளைப் பகிரங்க ஏலம் விடும் நிலையங்களும் உண்டு. அபூர்வமான காசுக்கு அதுவே நேர்மையான வழி. ஏலக் கமிஷன் எவ்வளவு என்பதை முன்னதாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

100 வருஷத்துக்குக் குறையாத காசு, 1972ம் வருஷத்துச் சட்டப்படி தொல்பொருளாகும். அதை வெளிநாட்டுக்கு அனுப்பத் தனி மனிதருக்கு உரிமை இல்லை. அதில் வியாபாரம் செய்ய லைசென்சு வேண்டும். கிணறு வெட்டும்போதோ வானம் தோண்டும்போதோ மண்ணிலிருந்து கிடைத்த புதையலானால், பத்து ரூபாய்க்கு மேற்பட்டதைக் கலெக்டருக்கு அறிவிக்க வேண்டும் என்பது 1878 முதலுள்ள சட்டம். "ஐயா காலத்துச் சேகரம்" என்று சொல்லிப் புதையலைப் பெட்டிக்குள் கலப்பதும் வஞ்சகமே.

நமக்கு வருகிற நஷ்டத்தைப்பற்றி மட்டும் கவலைப்பட்டால் போதாது. பெட்டியில் போலியும் இருக்கலாம். 1818 என்று போட்டு, ராமர் பட்டாபிஷேகம் பொறித்த "கம்பெனிக் காசு" பல வீடுகளில் இருக்கிறது. கம்பெனியார் அப்படி ஒரு காசு அடித்ததே இல்லை. அது போலி என்று அறிந்த பிறகு, அறியாதவன் தலையில் கட்டினால், தங்கையிடம் மௌனமாயிருந்த அண்ணனுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? பேராசைக்கும் எச்சரிக்கை சொல்ல வேண்டும். பழைய காசையும் நோட்டையும் லட்சக்கணக்கில் வாங்குகிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள் என்று ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லி ஏமாற்றுகிறவர்கள் உண்டு. அவ்வங்கியே 2021 ஆகஸ்டில் இதைப்பற்றி ஜனங்களை எச்சரித்தது.

இவ்வளவையும் அந்த நண்பரிடம் சொன்னேன். "இப்போது போய்ச் சொன்னால் என்னைத் திருடன் என்பார்களே சாமி" என்றார். "சொல்லாவிட்டால் நீரே உம்மை அப்படிச் சொல்லிக்கொண்டிருப்பீர்" என்றேன். அவர் வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கைகளை வரவழைத்து, தாயார் முன்னிலையில் பையை வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மூத்த தங்கை, "அண்ணே, இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் நாங்கள் வேண்டாமென்றா சொல்லியிருப்போம்?" என்று அழுதாளாம். இளையவள் ஒன்றும் சொல்லாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டாள். பாஸ்கு திருநாளுக்குத்தான் திரும்பி வந்தாள். பாவத்தைத் திருத்தினவுடனே மன வருத்தமும் மறைந்துபோகும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்க முடியாது. காயம் ஆற நாள் செல்லும்.

பிறகு ஜாபிதா எழுதி, இரண்டு மூன்று இடங்களில் விலை கேட்டு விற்றார்கள். தாயாருக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி மூவருக்கும் சமம். தாயார் விற்கவிடாமல் ஒரே ஒரு சக்கரத்தை மட்டும் வைத்துக்கொண்டார்களாம். அது தகப்பனார் முதன்முதலாய் வாங்கிக்கொண்டு வந்த காசு. மொத்தம் எவ்வளவு கிடைத்தது என்று நான் கேட்கவில்லை.

சகோதரனோடு ஆஸ்தியைப் பங்கிட்டுத் தரும்படி ஒருவன் கேட்டபோது, நம் ஆண்டவர் தாம் பாகம் பிரிக்கிறவரல்ல என்று விலகி, பொருளாசையைப்பற்றியே எச்சரித்ததை அர்ச். லூக்காஸ் எழுதியிருக்கிறார். அவ்விதமே, பங்குக் குருவாகிய நானும் உங்கள் பெட்டிகளைப் பிரித்துத் தர வரமாட்டேன். ஆனால் உங்கள் வீட்டில் விற்கவோ பிரிக்கவோ ஏதேனும் இருந்தால், உங்களுக்குத் தெரிந்து மற்றவர்களுக்குத் தெரியாதது அதில் என்ன இருக்கிறது என்று இன்று இரவு செபமாலைக்குப் பிறகு உங்களையே கேட்டுப் பாருங்கள். ஏதாவது இருந்தால், விற்பதற்கு முன்னால் அதைச் சொல்லிவிடுங்கள். விற்ற பிறகு தெரியவந்தால், ஈடு செய்யத் தாமதிக்காதேயுங்கள்.

சர்வேசுரன் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்குக் குரு