கயிற்றில் ஒட்டிய மணல்

ஒரு தொழில் ஏன் ஓரிடத்தில் தோன்றுகிறது, மற்றோரிடத்தில் ஏன் தோன்றுவதில்லை என்னும் வினா பொருளியல் அறிஞர்க்கே உரியது என்றெண்ணி நாம் ஒதுங்கிவிடுகிறோம். அதனுள் ஓர் அறவினாவும் அடங்கிக் கிடக்கிறது. நாஞ்சில் நாட்டிலிருந்தும் நெல்லைச் சீமையிலிருந்தும் பிழைப்புத் தேடித் திருவனந்தபுரத்திற்கு வந்து, சாலைக் கடைத்தெருவிலும் கரமனையிலும் வேர்விட்ட குடும்பங்களுக்கு அது அயலான வினாவும் அன்று. விளைந்த பொருள் விளைந்த இடத்திலேயே தங்குவதில்லை. பிறந்த மனிதரும் அப்படியே.

மணவாளக்குறிச்சிக் கடற்கரையை அன்பர்களில் பலர் கண்டிருப்பர். அலை பின்வாங்கியதும் வெண்மணலின் மேல் கரிய வரிகள் படிந்து கிடக்கும். இளமையில் அக்கரையில் ஓடியாடி வீடு திரும்பினால், காலில் ஒட்டிய கருமணலைக் கழுவிவிட்டு உள்ளே வா என்று பாட்டி வாசலிலேயே நிறுத்திவிடுவார். கழுவி எறிய வேண்டிய அழுக்கு என்பதே அம்மணலைப் பற்றி அவ்வீடு அறிந்த முழுச்செய்தி.

1909-ஆம் ஆண்டில் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலர், திருவிதாங்கூரிலிருந்து சென்ற தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்து, அதில் மோனசைட் இருப்பதைக் கண்டார். மோனசைட்டில் தோரியம் உண்டு. அக்காலத்து ஐரோப்பிய நகரங்களின் தெருக்களில் எரிந்த காஸ் விளக்குகளின் மேண்டிலுக்குத் தோரியம் இன்றியமையாதது. நம் திருமண ஊர்வலங்களில் தலையில் சுமந்து சென்ற பெட்ரோமாக்ஸ் விளக்கிலும் கண்கூச ஒளிர்ந்தது அத்தகைய மேண்டிலே. அதுவரை பிரேசில் நாட்டு மணலை நம்பியிருந்த அத்தொழிலின் பார்வை நம் கரையின் மீது விழுந்தது. விரைவிலேயே மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலை எழுந்தது. 1914-இல் மூண்ட போரில் ஜெர்மானியர் கை தளர, ஆங்கிலேயர் கை ஓங்கியது. கைகள் மாறினவேயன்றி, மணல் கப்பலேறுவது நிற்கவில்லை.

அதே 1909-இல்தான் ஆல்பிரெட் வெபர் என்னும் மற்றொரு ஜெர்மானியர், தொழில்களின் இருப்பிடம் பற்றிய தம் நூலை வெளியிட்டார். பதப்படுத்துகையில் எடை பெரிதும் குறையும் மூலப்பொருளாயின் ஆலை அப்பொருளின் பக்கம் சாயும். எடை குறையாததாயின் சந்தையின் பக்கமும் செல்லக்கூடும். போக்குவரத்துச் செலவும் கூலியும் சேர்ந்து இடத்தை முடிவு செய்யும் என்பது அவர் கோட்பாட்டின் சாரம். கணக்கு நுட்பமானது, மறுப்பதற்கில்லை. ஆனால் தொண்டு ஊறவைத்துத் தல்லிக் கயிறு திரித்த பெண்டிர் அக்கணக்கில் கூலி என்னும் ஒரே சொல்லாகச் சுருங்கிவிடுகின்றனர். கயிற்றில் மண் ஒட்டியிருந்தால் வாங்குவோர் அதனைக் குறையாகவே கருதுவர். அக்குறைதான் கயிற்றினும் விலையுயர்ந்தது என்பதை அவர்களுக்கு யார் சொன்னார்?

அப்படியாயின் அம்மணலின் மதிப்பு யாருக்கு உரியது? வருந்தித் தேடாமலே வளம் தருவதே நாடு என்பது வள்ளுவர் கருத்து. நம் கரை அவ்வாறே தந்தது. பெறத் தெரியாதிருந்தவர்கள் நாம். அறிந்தவனுக்கே பொருள் என்று சிலர் வாதிடுவர். அறிவுக்கு ஊதியம் உண்டு என்பதை நாமும் ஒப்புகிறோம். ஆயினும் பக்கத்து வீட்டுக் கொல்லையில் புதையல் இருப்பதை ஒருவன் கண்டறிந்தால், அறிந்ததற்குப் பங்கு கேட்கலாமேயன்றிக் கொல்லையையே கேட்கலாகாது.

விடுதலைக்குப் பின் அரசு விழித்துக்கொண்டது. 1950-இல் இந்திய அருமண் நிறுவனம் தோன்றியது. 1952-இல் ஆலுவாயில் அதன் ஆலையை நேரு பெருமகனார் திறந்து வைத்தார். அதற்கு முன்பே, 1946-இல், நம் கொச்சுவேளியில் திருவிதாங்கூர் டைட்டானியம் நிறுவனம் அமைந்தது. சவராவின் இல்மனைட் மணல் அங்கே வெள்ளை நிறமியாகிறது. கருமணலிலிருந்து சுவருக்கு வெண்மை! 1956 நவம்பர் 1-ஆம் நாள் எல்லை வரையப்பட்டபோது மணவாளக்குறிச்சி தமிழ்நாட்டோடும் சவரா கேரளத்தோடும் சேர்ந்தன. அலைகள் அக்கோட்டை அறியா.

அந்நியன் போய் அரசு வந்துவிட்டதால் வினா தீர்ந்துவிட்டதா? 2019-இல் சவராவை அடுத்த ஆலப்பாட்டு மக்கள், மணல் அகழ்வால் தங்கள் நிலத்தைக் கடல் விழுங்குகிறது என்று கூறிப் போராடிய செய்தி நாடெங்கும் பரவியது. காயலுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு நாடாவைப் போல் ஒடுங்கிக் கிடக்கும் ஊர் அது. நாட்டுக்கு அம்மணல் தேவை என்பது மெய். ஆலையை நம்பி உண்ணும் குடும்பங்கள் உண்டென்பதும் மெய். அரசின் ஊதியத்தில் வாழும் எம்போன்ற கோப்புப் புரட்டுவோர்க்கு இதில் தீர்ப்புக் கூறக் கூச்சமாகவே இருக்கிறது. எனினும் ஒன்று சொல்வோம்: எல்லோருக்குமாக எடுக்கப்படும் பொருளின் இழப்பை ஒரே ஊரார் மட்டும் சுமப்பது நீதியாகாது. அகழ்வதற்கு முன் கரையில் வாழ்வோரைக் கேட்க வேண்டும். ஆதாயத்தில் ஒரு பகுதி அக்கரையிலேயே தங்க வேண்டும்.

சென்ற பொங்கலுக்கு ஊர் சென்றிருந்தபோது, இளமையில் கயிறு திரித்த பெரியம்மை ஒருவரிடம் ஷோம்பர்க் கதையை விரிவாக எடுத்துரைத்தோம். பொறுமையாகக் கேட்ட அவர், "அது செரி மக்களே, கயித்தோட போன மண்ணுக்கு அவன் சக்கரம் குடுத்தானா?" என்றார். எம்மிடம் விடை இல்லை. அவர் மீண்டும் முறத்தை எடுத்துக்கொண்டு அரிசி புடைக்கலானார்.