மறுத்தால் மட்டும் போதுமா?

பழமையை மறுத்துவிட்டால் அறிவாளியின் கடமை முடிந்துவிடுமா? அமெரிக்க இசைவாணர் ஹாரி பார்ட்ச் (1901–1974) வாழ்வை நோக்குவோர், முடியாது என்றே விடை பகர்வர்.

பியானோவில் ஒரு ஸ்தாயிக்கு 12 சுரங்கள். மனிதன் பேசும் குரலின் ஏற்ற இறக்கம் அத்தனையும் அந்தப் பன்னிரண்டில் அடங்குமா? ஐயுற்றார் பார்ட்ச். 14 ஆண்டுகள் உழைத்து யாத்த தம் இசைப் படைப்புகளை 1930-ல் அடுப்பிலிட்டு எரித்தார்.

எரித்ததோடு நின்றிருந்தால், பித்தர் என்று நாமும் நகைத்திருப்போம். அவரோ ஸ்தாயியை 43 சுரங்களாகப் பகுத்தார். அவற்றை ஒலிக்கக் கருவி ஏது? தாமே தச்சரானார். வயோலாவின் கழுத்தை நீட்டினார். வறுமை வாட்டிய 1930-களில் நாடோடியாய் அலைந்தார், கொள்கையை விற்றாரில்லை. பின்னாளில், பெர்க்லி கதிர்வீச்சு ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் குடுவைகளை அறுத்துத் தொங்கவிட்டார், தட்டினார், மணியென ஒலித்தன!

பன்னிரண்டு சுரம் பொய்யன்று. அதற்கப்பால் ஏதுமில்லை என்னும் பிடிவாதமே பொய். அப்பொய்யைச் சுடத் தீ வேண்டும். மெய்யைச் சமைக்க உளி வேண்டும். தீ ஒரு நாளில் வேலையை முடிக்கும். உளியோ வாழ்நாளைக் கேட்கும். பழமையைச் சாடும் நாம், அந்த விலையைத் தர ஆயத்தமா?