வெறும் பால் குடித்தவர்கள்

எடவப்பாதி மழை விட்டால் எங்கள் ஊர் காரோட்டில் வாழைத்தோட்ட வரப்பெல்லாம் கீழாநெல்லி முளைத்துவிடும். பாறசாலைப் பக்கம் அது கீழார்நெல்லி. களியக்காவிளை தாண்டினால் கீழாநெல்லி. பெயர்தான் எல்லையில் மாறும், செடி மாறாது.

பத்து வயதில் எனக்குக் காமாலை கண்டபோது பாட்டி அதை வேரோடு பிடுங்கி, அரைத்து, ஆட்டுப்பாலில் கலக்கி ஏழு நாள் கொடுத்தாள். எண்ணெயும் உப்பும் விலக்கு. கண் வெளுத்தது. செடிதான் காப்பாற்றியது என்று வீடே நம்பியது. நானும் நெடுங்காலம் நம்பினேன்.

ஆனால் குழந்தைகளுக்கு வரும் காமாலையில் பெரும்பகுதி ஹெபடைட்டிஸ் ஏ. சில வாரங்களில் அது தானாகவே விலகிவிடும். கல்லீரலோ மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எடுத்தாலும் மீண்டும் வளரக்கூடியது. அப்படியென்றால் அன்று என்னைத் தேற்றியது இலையா, ஈரலா?

ஆய்வுக்கூடம் இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது. எலிக்குப் பாராசிட்டமாலை அளவு மீறிக் கொடுப்பார்கள். ஈரல் செல்கள் சிதைந்து, உள்ளே இருக்கவேண்டிய நொதிகள் இரத்தத்தில் கசியும். ஒரு கூட்டத்துக்கு மூலிகைச் சாறு உண்டு, இன்னொன்றுக்கு இல்லை. இரண்டின் இரத்தத்தையும் ஒப்பிடுவார்கள். எங்கள் மாவட்டத்துப் பாலோடு தாவரவியல் தோட்டத்தில், அகத்தியமலைக் காணிக்காரர்கள் காட்டிக்கொடுத்த ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையை இப்படிச் சோதித்தார்கள். எலியின் ஈரலை அது காத்தது என்று 1998இல் எழுதினார்கள்.

எலியோடு நின்றால் போதாது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன், நோபல் பரிசு பெற்ற புளூம்பர்க்குடன் சேர்ந்து, ஹெபடைட்டிஸ் பி கிருமியைச் சுமந்தவர்களுக்கு முப்பது நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்தார். 1988இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது: மருந்து உண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. வெற்றுக் குளிகை விழுங்கிய 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. உலகமே நம் வரப்புச் செடியைத் திரும்பிப் பார்த்தது. பிறகு தாய்லாந்திலும் வேறு இடங்களிலும் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதைப் படித்த அன்று நெஞ்சு கனத்தது. ஒரு முடிவை மறுபடி சோதிக்கத் துணிந்தவர்கள்மேல் மதிப்பும் கூடியது.

என் மனம் அந்த 23 பேரிடமே போய் நிற்கிறது. தம் கையில் இருப்பது வெறுங்குளிகை என்று அறியாமல் நாள்தோறும் விழுங்கியவர்கள். அவர்கள் இல்லையென்றால் அந்த 22 என்ற எண்ணுக்குப் பொருளே இல்லை.

பாட்டியால் அதைச் செய்திருக்க முடியாது. மஞ்சள் பூத்த கண்ணோடு பேரன் பாயில் கிடக்கிறான். கொல்லையில் செடி நிற்கிறது. வெறும் ஆட்டுப்பாலை மட்டும் கொடுத்துவிட்டு, என்ன ஆகிறதென்று பார்த்திருக்க எந்தக் கை துணியும்?