இரண்டு பட்டியல்

2004 டிசம்பர் 26 கடற்கோளுக்குப் பின் எங்கள் கிழக்கிலங்கைக் கிராமத்துப் பாடசாலை அகதி முகாமாயிற்று. கையெழுத்து அழகென்பதால் நிவாரணப் பட்டியல் எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. 1990இல் யுத்தத்தால் காணி பூமி இழந்து, எங்களூர் எல்லையில் ஓலைக்குடிசை போட்டிருந்த ராத்தா ஒருவரும் வரிசையில் வந்து நின்றார். அலை அங்கு எட்டியிருக்கவில்லை.

“எங்கட ஊட்டக் கடல் எடுக்கல்ல சேர், மனிசன்தான் எடுத்த” என்றார்.

நான் பெயரை எழுதவில்லை. கடலால் பாதிக்கப்பட்டோருக்கென்று தந்த பணம் அமானிதம். அதைத் திசைதிருப்ப எனக்கென்ன உரிமை? இந்த நியாயத்தை இன்றும் நான் முற்றாகக் கைவிடவில்லை. ஆனால், கடலால் முழுதாய் இடிந்த வீட்டுக்கு அரசு 250,000 ரூபா அறிவித்தபோது, 14 வருடம் ஓலைக்குக் கீழிருந்தவருக்கு உலருணவுக் கூப்பன்தானே மிஞ்சியது?

உலகம் ஏன் அலைக்கு அப்படி அள்ளிக் கொடுத்தது? கடலுக்குக் கட்சியில்லை. அதற்காக இரங்குபவர் எவரையும் குற்றஞ்சாட்ட வேண்டியதில்லை. யுத்த அகதிக்குக் கொடுப்பவரோ, விரட்டியது யார் என்ற கேள்வியையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். அந்தச் சுமைக்கு நானும் அஞ்சித்தான் அமானிதம் என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்தேனோ?

பாடசாலை மீளத் திறந்ததும் அவரது மகன் தரம் ஆறில் என்னிடம் வந்தான். கொப்பியை நீட்டி, “பேர நீங்களே எழுதித் தாங்க சேர், உங்கட எழுத்து வடிவு” என்றான்.

எழுதிக் கொடுத்தேன்.