கேட்டுவிட்டுக் கிளம்புவோம்

1980களின் தொடக்கம். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகக் கணினித் துறையில் ஒரு குளிர்பான இயந்திரம். தாகத்தோடு நடந்து போனால், சில நாள் அது காலியாக இருக்கும். சில நாள் அப்போதுதான் நிரப்பிய பாட்டில்கள் குளிராமல் இருக்கும். மாணவர்கள் இயந்திரத்தைக் கணினியோடு இணைத்தார்கள். பாட்டில் இருக்கிறதா, குளிர்ந்துவிட்டதா என்பதை இருந்த இடத்திலிருந்தே தெரிந்துகொண்டார்கள்.

இன்று விற்பனை இயந்திரங்களை நிரப்பச் செல்லும் வண்டிகள் பலவற்றுக்கும் அதே உத்திதான் வழிகாட்டி. முன்பெல்லாம் திங்கள் ஒரு தெரு, செவ்வாய் ஒரு தெரு என்று முறைவைத்துப் போவார்கள். நிறைந்திருக்கும் இயந்திரத்தைத் திறந்து பார்த்துவிட்டு ஊழியர் திரும்புவார். வேறெங்கோ ஒன்று காலியாக நிற்கும். இப்போது பல இயந்திரங்கள் தம் சரக்கு இருப்பைத் தாமே சொல்கின்றன. இன்று எங்கே போக வேண்டும், எந்த வரிசையில் போக வேண்டும், என்ன சரக்கை ஏற்ற வேண்டும் என்பதை மென்பொருள் கணக்கிட்டுத் தருகிறது. அது எளிய கணக்கல்ல. பத்தே இடங்களுக்குப் போய்வர 36 லட்சத்துக்கும் அதிகமான வரிசைகள் உண்டு!

நம் நாள்களும் இப்படித்தான். பழகிய வாசல்களுக்கே திரும்பத் திரும்பப் போகிறோம். நம்மை எதிர்பார்த்து வெறுமையோடு நிற்கும் ஒரு மனம் நம் பாதையில் இல்லாமலே போகிறது. இன்று ஒருவரிடமாவது, "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேளுங்கள்.

கேட்டுவிட்டுக் கிளம்பும் கால் வீணாக நடப்பதில்லை.